பெற்றவர் வழி சொல்லட்டும்

சென்ற மாதம் ஓர் இளம்பெண் தொலைபேசியில் அழைத்தார். திருநெல்வேலிப் பக்கம். ஆறேழு கதைகள் எழுதியிருக்கிறார், நன்றாகவே எழுதுகிறார். ஓர் இதழின் ஆண்டு மலருக்குப் பனைத்தொழில் பற்றிக் கட்டுரை கேட்டிருந்தார்கள். மூன்று நாள் ஊர் ஊராகப் பேருந்தில் போய், விடியற்காலையில் பனையேறிகளோடு நின்று, பதநீர் காய்ச்சும் பெண்களிடம் உட்கார்ந்து பேசி எழுதினார். அனுப்பும் முன், "சன்மானம் எவ்வளவு சார்?" என்று கேட்டிருக்கிறார். எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு பதில் வந்தது: "என்னம்மா, எழுத வந்ததுமே காசைப் பத்திப் பேசுறீங்க?"

அந்தப் பதிலைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். உடன் எழுதும் நண்பர்களிடம் சொன்னபோது அவர்களும் அதையேதான் சொன்னார்களாம். தமிழில் எழுதுகிறவர் காசு கேட்கலாமா, அது எழுத்துக்கு இழுக்கல்லவா, கேட்டாலும் யார் தரப்போகிறார்கள் என்று. "நான் தப்பாக் கேட்டுட்டேனா அண்ணாச்சி?" என்றபோது அவர் குரல் கம்மியிருந்தது.

தப்பே இல்லை தாயி என்று அன்று சொன்னேன். ஏன் தப்பில்லை என்பதை இப்போது எல்லோருக்குமாக எழுதுகிறேன். காரணம், அந்த நண்பர்கள் சொன்னது அவர்கள் சொந்தக் கருத்து இல்லை. நம் எழுத்துலகம் மூன்று தலைமுறையாக ஓதிவரும் மந்திரம் அது. எழுத்து தவம், தவத்துக்குக் கூலி கிடையாது என்பது அதன் ஒரு பாதி. தமிழில் எழுத்துக்குச் சந்தையே இல்லை என்பது மறுபாதி. இரண்டும் தவறு. முதல் பாதியைச் சொல்லிச் சொல்லித்தான் இரண்டாம் பாதியை உண்மைபோல ஆக்கிவைத்திருக்கிறோம்.

தவம் என்பவர்கள் மரபைத் துணைக்கு அழைக்கிறார்கள். சரி, மரபையே பார்ப்போம். பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படை. திருமுருகாற்றுப்படையைப் பக்திக்கு விட்டுவிட்டாலும் பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, மலைபடுகடாம் என்று நான்கு மிஞ்சுகின்றன. ஆற்றுப்படை என்றால் என்ன? பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், பெறாமல் வழியில் வாடி நிற்கும் இன்னொரு கலைஞனைப் பார்க்கிறான். இன்னாரிடம் போ, இந்த வழியாகப் போ, இவ்வளவு கிடைக்கும், எனக்குக் கிடைத்தது என்கிறான். பெற்றவன் பெறாதவனுக்கு அறிவிப்பதே ஆற்றுப்படை என்று தொல்காப்பியம் இலக்கணமே வகுத்துவிட்டது. சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என்று ஊர் ஊராக வழி சொல்லி, ஒவ்வோர் ஊரிலும் என்ன சோறு கிடைக்கும் என்பது வரை சொல்லி, நல்லியக்கோடனிடம் அனுப்புகிறார். மலைபடுகடாம் 583 அடி. செங்கண்மாவில் இருக்கும் நன்னனிடம் போகிற மலைவழியில் எங்கே வழுக்கும், எங்கே பாம்பு இருக்கும், இருட்டினால் எங்கே தங்குவது, யார் உபசரிப்பார்கள் என்று பெருங்கௌசிகனார் அடுக்கிக்கொண்டே போகிறார்.

இதற்கு நம் காலத்துப் பெயர் என்ன? எந்த இதழ் எதை வாங்கும், எவ்வளவு தரும், யாருக்கு அனுப்ப வேண்டும் என்ற விவரம். அமெரிக்காவில் 'ரைட்டர்ஸ் மார்க்கெட்' என்ற கையேடு 1921இலிருந்து செய்தது இதைத்தான். ஒவ்வோர் இதழும் எத்தனை சொல் கேட்கும், சொல்லுக்கு எத்தனை காசு தரும் என்று வரிசையாக அச்சிட்டார்கள். அவர்கள் கையேடு போட்டதை வியக்கிறோம். நாம் அதைப் பாட்டாகவே எழுதி, இலக்கியத்தின் உச்சியில் வைத்திருந்தோம், மறந்துவிட்டோம்.

பெருஞ்சித்திரனார் அதியமானின் பரிசிலை மறுத்தாரே என்று கேட்பார்கள். புறநானூற்றின் 208ஆம் பாட்டு. இந்தப் பாட்டை எழுத்தாளர் கூட்டங்களில் பலமுறை எனக்கு எதிராகச் சொல்லியிருக்கிறார்கள். பாட்டை முழுதாகப் படியுங்கள். குன்றும் மலையும் கடந்து வந்த புலவரை அரசன் நேரில் பார்க்கவில்லை. பரிசிலை மட்டும் ஆள்வழி கொடுத்தனுப்பினான். அப்படிக் கண்டுகொள்ளாமல் தருவதை வாங்கிப்போக நான் வணிகன் இல்லை என்கிறார் அவர். என் தகுதியை அறிந்து தந்தால் தினையளவு தந்தாலும் இனிது என்றும் அங்கேயே சொல்கிறார். கூலியை அவர் மறுக்கவில்லை. மதிப்பில்லாத கூலியை மறுத்தார். அதே பெருஞ்சித்திரனார், வெளிமான் ஊரில் குறைத்துக் கொடுத்ததைப் பெறாமல் போய், குமணனிடம் யானை பரிசில் பெற்று, அந்த யானையைக் கொண்டுவந்து குறைத்துக் கொடுத்தவனின் காவல்மரத்திலேயே கட்டினார். ஔவையார் ஒரு படி மேலே. அதியமான் பரிசில் நீட்டித்தபோது, தச்சனின் பிள்ளைகள் மழுவோடு காட்டுக்குள் போனால் மரத்துக்கா பஞ்சம், எங்களுக்கும் அப்படித்தான், எந்தத் திசையில் போனாலும் சோறு உண்டு என்று வாயிலோனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். தன்னைத் தச்சனோடு ஒப்பிட அவர் கூசவில்லை. கைத்தொழில், அதற்குக் கூலி. இதில் எங்கே இருக்கிறது இழுக்கு?

அது அரசர் காலம், நவீன இலக்கியம் வேறு என்பார்கள். பாரதியிலிருந்து தொடங்குவோம். 1920இல், கடையத்தில் இருந்தபோது, தம் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி அச்சிடத் திட்டம் போட்டு, நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். நன்கொடை கேட்கவில்லை; வட்டியோடு திருப்பித் தருவதாகக் கடன் கேட்டார். நாலு லட்சம் பிரதி தமிழில் விற்கும் என்று நம்பிய மனிதர் அவர். பணம் திரளவில்லை. அடுத்த ஆண்டு இறந்துபோனார். இன்றைக்கு அவருடைய வறுமையை மட்டும் எடுத்து மாலை போட்டு, அதுதான் கவிஞனுக்கு அழகு என்கிறோம். அவருடைய திட்டத்தை யாரும் பேசுவதில்லை.

புதுமைப்பித்தனையும் அப்படியே செய்தோம். மணிக்கொடிக்குக் கதை கொடுத்தவர், குடும்பம் நடத்தத் தினமணியில் வேலை பார்த்தார், பிறகு தினசரி, பிறகு சினிமா. 1948இல் காசநோயில் போனபோது வயது 42. அந்தக் கதைகளுக்கு உரிய கூலி அந்தந்த மாதமே கிடைத்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கும். அந்த மரணத்தைத் தியாகம் என்று பெயரிட்டுப் பாராட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது நாம் செலுத்தாமல் விட்ட கடன்.

சிற்றிதழ் மரபைச் சொல்வார்கள். சி. சு. செல்லப்பாவை நான் கும்பிடுகிறேன். 1959இல் 'எழுத்து' தொடங்கி, பதினோரு ஆண்டுக்கு மேல் நடத்தி, புத்தகங்களைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். ஆனால் அவர் இழந்தது தன் பணத்தை, தன் உடலை. அடுத்தவர் உழைப்பை வைத்துத் தியாகம் செய்யவில்லை. இன்று அவர் பெயரைச் சொல்லிக் கட்டுரைக்குக் காசில்லை என்கிற இதழ்களைப் பாருங்கள். பின்னட்டையில் நகைக்கடை விளம்பரம். அச்சகத்துக்குப் பணம் போகிறது. பேப்பர் கடையில் கடன் சொல்ல முடியாது. லே-அவுட் செய்பவருக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசியிருக்கிறார்கள். அட்டைப் படம் வரைந்தவருக்குச் சில இடங்களில் உண்டு. தபால்காரர் சம்பளம் இல்லாமல் இதழைக் கொண்டுவந்து போடுவதில்லை. இத்தனை பேரும் யாருக்காகக் கூடியிருக்கிறார்களோ, அந்த எழுத்தைத் தந்தவருக்கு மட்டும் "ஒரு பிரதி அனுப்பிவைக்கிறோம்" என்ற பதில். அந்தப் பிரதிகூடச் சில நேரம் வராது. நாமே கடையில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

உண்மையிலேயே சொந்தக் காசில், விளம்பரம் இல்லாமல், முந்நூறு பிரதி அச்சடித்து நடத்தும் இதழ்கள் உண்டு. அவற்றுக்கு நான் இன்றும் இலவசமாக எழுதுகிறேன், எழுதுவேன். அங்கே ஆசிரியரும் நானும் சேர்ந்து கைக்காசைப் போடுகிறோம். அது கூட்டுறவு. மற்றதற்குப் பெயர் வேறு.

காசுக்கு எழுதினால் தரம் கெடும் என்ற வாதம் இருக்கிறதே, அதைப்போல ஆதாரமில்லாமல் நெடுநாள் உயிரோடிருக்கும் வாதம் வேறில்லை. தி. ஜானகிராமனின் 'மோகமுள்' சுதேசமித்திரன் வாரப் பதிப்பில் தொடராக வந்தது. ஜெயகாந்தனின் பெயர்பெற்ற கதைகள் பல ஆனந்த விகடனின் முத்திரைக் கதைகள். முத்திரை விழுந்தால் சன்மானமும் கூடும் என்பது அன்றைக்கு எழுதுகிற எல்லோருக்கும் தெரியும். 1972இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்ற 'சில நேரங்களில் சில மனிதர்கள்' முதலில் தினமணி கதிரில் வேறு தலைப்பில் வந்த தொடர்கதை. உமாசந்திரனின் 'முள்ளும் மலரும்' கல்கி வெள்ளிவிழா நாவல் போட்டியில் பரிசு வாங்கியது. கெடு வைத்து, வாரம் தவறாமல், காசு பேசி எழுதிய எழுத்துகள் இவை. கெட்டா போயின?

கூலி வேண்டாம் என்ற விரதத்தை யாரால் கடைப்பிடிக்க முடிந்தது என்றும் பாருங்கள். சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை. ஜானகிராமன் வானொலியில். லா. ச. ராமாமிர்தம் வங்கியில். சுஜாதா பெங்களூரில் பொதுத்துறை நிறுவனத்துப் பொறியாளர். வண்ணதாசன் வங்கி, இமையம் பள்ளி ஆசிரியர், பெருமாள்முருகன் கல்லூரி, ஜெயமோகன் தொலைபேசித் துறை. இவர்கள் எழுத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. இவர்களை வாசித்துத்தான் நான் வளர்ந்தேன். ஆனால் நவீனத் தமிழ் இலக்கியத்தின் பெரும்பகுதியை முதல் தேதி வந்துவிடும் சம்பளம் தாங்கியது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஜெமினி ஸ்டுடியோ வேலையை 1966இல் விட்டபின் எழுத்தை நம்பி வாழ்ந்த அசோகமித்திரன் பட்ட பாட்டை அவரே பல இடங்களில் எழுதியிருக்கிறார். சம்பளம் இல்லாதவர்கள் என்ன செய்வது? பனங்காட்டில் மூன்று நாள் அலைந்த அந்தப் பெண்ணுக்கு மாதச் சம்பளம் கிடையாது. தையல் மெஷினில் உட்கார்ந்தால் அன்றாடம் காசு. அதை விட்டுவிட்டுத்தான் போனார். கூலி இல்லாத எழுத்து என்றால் வேறு வருமானம் உள்ளவர்களின் எழுத்து மட்டுமே மிஞ்சும். நிலமில்லாதவர், நாள்கூலிக்காரர், கையில் தனியாக ஒரு ரூபாய் இல்லாத வீட்டுப் பெண், இவர்கள் கதைகளை மற்றவர்கள்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இலக்கியத்தில் எல்லோரும் வர வேண்டும் என்று மேடையில் முழங்குகிறவர், மேடையிலிருந்து இறங்கியதும் சன்மானம் கேட்ட பெண்ணை முறைப்பது பொறுக்க முடியாதது.

இனி, சந்தையே இல்லை என்ற இரண்டாம் பாதி.

அச்சு இதழ்கள் சுருங்கிவிட்டன, மறுக்கவில்லை. 1941இல் தொடங்கிய கல்கியே 2020 பெருந்தொற்றுக் காலத்தில் அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போனது. வாரம் நாலு கதை போட்ட இதழ்கள் இன்று ஒரு கதை போடுகின்றன. இது உண்மை. ஆனால் இதழ்க் கதை மட்டுமே எழுத்துச் சந்தை என்று யார் சொன்னது? நான் முப்பது ஆண்டுக்கு மேலாக எழுதிச் சம்பாதித்தவன். எனக்குக் கதைகளைவிட அதிகம் சோறு போட்டவை வேறு. ஆன்மிக இதழ்கள் கோயில் கட்டுரைகளை விடாமல் வாங்கும். ஊர்க்கோயிலுக்கு நேரில் போய், படத்தோடு, தலபுராணத்தை ஒழுங்காக எழுதிக் கொடுத்தால் மறுபடியும் கேட்பார்கள். வேளாண் இதழ்களுக்கு உழவரிடம் உட்கார்ந்து பேசத் தெரிந்தவர்கள் வேண்டும். தீபாவளி மலர்களுக்கு ஆடி, ஆவணியிலேயே அனுப்ப வேண்டும். ஐப்பசியில் அனுப்பிவிட்டுப் பதில் இல்லை என்று வருந்துகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். மொழிபெயர்ப்புக்குப் பக்கக் கணக்கில் தருகிற பதிப்பகங்கள் உண்டு. ஒலிக்கதைச் செயலிகளுக்கு வசனம் வேண்டும், படங்களுக்குத் துணைத்தலைப்பு வேண்டும். மாத நாவல் உலகத்தை இலக்கியவாதிகள் ஏறிட்டும் பார்ப்பதில்லை. ராணி முத்து தொடங்கிய 1969இலிருந்து எத்தனை குடும்பங்கள் அதில் பிழைத்திருக்கின்றன! கோயம்புத்தூர் ராஜேஷ்குமார் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதி வாழ்ந்துகாட்டியிருக்கிறார்.

கிண்டிலில் தமிழ் நூலை நாமே ஏற்றலாம். விற்பனையில் 35 சதவீதம். அங்கே மட்டுமே தருவதாக ஒப்புக்கொண்டு விலையையும் அவர்கள் சொல்லும் வரம்புக்குள் வைத்தால் 70. அச்சுப் புத்தகத்துக்கு நமக்குப் பேசப்படும் பத்து சதவீதத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நிறைய விற்றுவிடும் என்று ஆசை காட்ட மாட்டேன். கணக்கு ஒளிவுமறைவில்லாமல் கண்ணுக்குத் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன். நம் அச்சுப் பதிப்பில் பலருக்கு எத்தனை பிரதி போனது என்பதே தெரியாது.

வானொலியைச் சொல்லாமல் விட்டால் நன்றி மறந்தவனாவேன். ஆகாசவாணியில் பேச அழைத்தால் முதலில் வருவது ஒப்பந்தப் படிவம். என்ன தலைப்பு, எத்தனை நிமிடம், என்று ஒலிப்பதிவு, எவ்வளவு கட்டணம் எல்லாம் அதில் இருக்கும். கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். பெரிய எழுத்தாளர்கள் அத்தனை பேரும் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்கள்தான். யாருக்கும் அது இழிவாகத் தோன்றவில்லை. ஒரு பேச்சுக்கு அரசு நிலையம் எழுதித் தருகிற அந்த ஒரு தாளை, நாற்பது பக்கக் குறுநாவலுக்கு ஓர் இதழ் ஏன் தரக்கூடாது?

கேரளத்தில் இந்தக் கேள்வியை 1945இலேயே கேட்டார்கள். கோட்டயத்தில் எம். பி. பாலும் காரூர் நீலகண்ட பிள்ளையும் இன்னும் சிலருமாகப் பன்னிரண்டு எழுத்தாளர்கள் சேர்ந்து சாகித்ய பிரவர்த்தக சககரண சங்கத்தைத் தொடங்கினார்கள். எழுத்தாளர்களே சொந்தக்காரர்களான பதிப்புக் கூட்டுறவு. 30 சதவீதம் ராயல்டி தந்தது. மலையாளி எழுத்தாளனைப் பற்றி நாம் பொறாமையோடு பேசுவோமே, அந்த மதிப்பு வானத்திலிருந்து விழவில்லை. பன்னிரண்டு பேர் உட்கார்ந்து காசைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசியதிலிருந்து வந்தது.

நம்மிடம் இல்லாதது சந்தையல்ல, சந்தையைப் பற்றிய பேச்சு. எந்த இதழ் எவ்வளவு தருகிறது என்று ஓர் எழுத்தாளர் இன்னொருவரிடம் சொல்வதில்லை. வாங்கியவர் குறைவாக வாங்கினோமோ என்று கூசி மறைக்கிறார். அதிகம் வாங்கியவர் போட்டி வருமென்று மறைக்கிறார். நானும் மறைத்திருக்கிறேன். 1986இல் என் முதல் கதைக்கு மணியார்டரில் ஐம்பது ரூபாய் வந்தது. அம்மா அந்த நோட்டைச் சாமி படத்தின் முன்னால் வைத்தாள். மணியார்டரின் அடித்தாளில் "தங்கள் கதைக்குச் சன்மானம்" என்று எழுதியிருந்தது. அந்தத் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது. எங்கள் தெருவிலேயே எழுதிக்கொண்டிருந்த இன்னொரு பையனிடம் எந்த இதழ், யாருக்கு அனுப்பினேன் என்று நான் சொல்லவில்லை. அவன் இரண்டு வருடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டான். இதை நினைக்காத நாளில்லை.

இந்த மௌனத்தில் பயிர் செய்பவர்களும் இருக்கிறார்கள். "உங்கள் கவிதை எங்கள் தொகுப்புக்குத் தேர்வாகியுள்ளது, ஐந்நூறு ரூபாய் செலுத்துங்கள், பத்துப் பிரதி வாங்கிக்கொள்ளுங்கள், கேடயம் உண்டு" என்று வரும் அழைப்புகள் எத்தனை! எழுதியவரிடமே வாங்குகிற இடம் சந்தையல்ல. புதிதாக எழுதுகிற பிள்ளைகளே, பணம் உங்களை நோக்கி வர வேண்டும்; உங்களிடமிருந்து போகிறதென்றால் அங்கே நிற்காதீர்கள்.

சட்டம் நம் பக்கம் இருப்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை பார்க்காமல் சுதந்திரமாக எழுதும் ஒருவருடைய எழுத்துக்கு அவரே முதல் உரிமையாளர். எழுத்தில், கையெழுத்தோடு தந்தாலொழிய உரிமை கைமாறாது. எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாமல் எழுதிக் கொடுத்திருந்தால் ஐந்தாண்டு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இதழில் ஒருமுறை வந்துவிட்டதாலேயே கதை அவர்கள் சொத்தாகிவிடாது. சில ஆண்டுகளுக்கு முன் என் கட்டுரைகள் மூன்றை ஒரு நிறுவனம் கேட்காமலே தொகுப்பு நூலில் சேர்த்துவிட்டது. நண்பர்கள் விட்டுவிடச் சொன்னார்கள். சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இருபது நாளில் காசோலை வந்தது. தொகை சிறியதுதான். ஆனால் அவர்களுக்குத் தெரிந்திருந்தது, தரவேண்டியது என்று. கேட்கும்வரை காத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்தத் திருநெல்வேலிப் பெண் கட்டுரையை அந்த இதழுக்குத் தரவில்லை. நான் சொன்ன வேறோர் இடத்துக்கு அனுப்பினார். படங்களோடு ஏற்றுக்கொண்டார்கள். தொகையை முன்கூட்டியே சொன்னார்கள். வெளியான பத்தாம் நாள் வங்கிக் கணக்கில் போட்டார்கள். மூன்று நாள் தையல் கூலியும் பேருந்துச் செலவும் போக மிச்சம் இருந்ததாகச் சொன்னார். இப்போது உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி எழுதத் தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

இதழாசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். படைப்புகளை அனுப்ப வேண்டிய முகவரியை ஒவ்வோர் இதழிலும் அச்சிடுகிறீர்கள். அதற்குக் கீழே இன்னொரு வரி சேருங்கள்: கதைக்கு இவ்வளவு, கட்டுரைக்கு இவ்வளவு, வெளியான இத்தனை நாளுக்குள் அனுப்பப்படும். தர முடியாத நிலை என்றால் அதையும் அங்கேயே அச்சிடுங்கள். தெரிந்து எழுதுகிறவர்கள் எழுதட்டும். எழுதிச் சம்பாதிக்கும் நண்பர்களே, எங்கே எவ்வளவு பெற்றீர்கள் என்பதை இந்த வாரமே உங்களைவிடச் சின்னவர் ஒருவரிடம் சொல்லுங்கள்.